புது மீனுக்கு எத்தனை நாள்?

சென்னை கொளத்தூரில் விடிகாலையில் கட்டிய மீன் பை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் திருப்பதி வந்து சேர்ந்துவிடும். திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா என்று சாலை. ஏறக்குறைய 140 கிலோமீட்டர். சித்தூர்ச் சரக்கு ராணிப்பேட்டைப் பக்கமாகப் போகும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், வாயில் இறுக்கிய ரப்பர் பேண்டு, தண்ணீரில் லேசான நீலம். அன்று சாயங்காலமே அந்த மீன் கடைத் தொட்டியில் நீந்தும். ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்துக்குக் குடிபெயரும். கொளத்தூரிலேயே அது பிறந்திருக்கும் என்றும் இல்லை. பொன்னேரி, செங்குன்றம் பக்கத்துச் சிமென்ட் தொட்டியில் வளர்ந்திருக்கலாம். கொல்கத்தாவில் இருந்தோ தாய்லாந்தில் இருந்தோ பெட்டியில் வந்திருக்கலாம். ஒரு வாரத்துக்குள் நாலைந்து ஊர்த் தண்ணீரைப் பார்த்துவிட்ட மீன் அது.

இப்படி வந்த மீனை நேராகப் பழைய தொட்டிக்குள் விடலாமா, தனியாக வைத்துப் பார்த்துவிட்டு விட வேண்டுமா, வைப்பதானால் எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. கடைக்காரர், "பையை அரை மணி நேரம் மிதக்க விட்டுட்டு அப்படியே விடுங்க சார்" என்பார். புத்தகங்கள் நான்கு வாரம் என்கின்றன. அனுபவஸ்தர்களில் சிலர் இரண்டு வாரம் போதும் என்கிறார்கள். வேறு சிலர் நாள் கணக்கே வேண்டாம், நாலு மருந்தைக் கலந்து ஊற்றினால் தீர்ந்தது என்கிறார்கள். அவரவர் சொல்வதற்கு அவரவரிடம் காரணம் உண்டு. ஆனால் இவர்களில் பெரும்பாலோர் கணக்கில் சேர்க்காத ஒன்று நம் ஊர் வெயில். எத்தனை நாள் என்பதைத் தண்ணீரின் சூட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

தனியே நிறுத்திவைப்பதெல்லாம் மேல்நாட்டுப் பணக்காரப் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களுக்கு நம் கடற்கரையிலேயே பதில் இருக்கிறது. 1994-95இல் இறால் பண்ணைகளுக்குள் வெள்ளைப்புள்ளி வைரஸ் நுழைந்தது. மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய் வேறு, இது வேறு. நெல்லூரில் இருந்து தூத்துக்குடி வரை குளம் குளமாக இறால் செத்தது. கடன் வாங்கிக் குளம் வெட்டியவர்கள் எழுந்திருக்கவே பல வருடம் ஆனது. அந்த அடிக்குப் பிறகுதான் 2009இல் வனாமி இறாலை அனுமதித்தபோது அரசு ஒரு நிபந்தனையை வைத்தது. வெளிநாட்டில் இருந்து வரும் ஒவ்வொரு தாய் இறாலும் சென்னை நீலாங்கரையில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் நடத்தும் தனிமைக் கூடத்தில் தங்கி, சோதனையில் தேறிய பிறகே குஞ்சுபொரிப்பகத்துக்குப் போகலாம். ஆந்திரா இன்று இறாலில் முன்னணியில் நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. நீலாங்கரைக் கூடத்தை அந்தக் காரணங்களில் ஒன்றாகச் சேர்க்காமல் இருக்க முடியாது.

வண்ணமீன் விஷயத்தில் இந்தக் கட்டுப்பாடு விமானநிலையத்தோடு நின்றுவிடுகிறது. வெளிநாட்டு மீன் சென்னையில் இறங்கினால், பள்ளிக்கரணையில் அலுவலகம் வைத்திருக்கும் மத்திய அரசின் கால்நடைத் தனிமைப்படுத்தல் துறையின் கண்ணில் பட்டாக வேண்டும். எந்த இனங்களைக் கொண்டுவரலாம் என்று பட்டியல் உண்டு. இறக்குமதியாளர் தன் இடத்தில் தனிமைத் தொட்டி வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அதற்குப் பிறகு மீன் எங்கே போனாலும் கேட்பார் இல்லை. நகரி எல்லையில் மணல் லாரியை நிறுத்துவார்கள். கோல்டு ஃபிஷ் பையை யார் நிறுத்தப்போகிறார்கள்? 2017 மே மாதம் மத்திய அரசு மீன் தொட்டிக் கடைகளுக்கென்று விதிகளை அறிவித்தது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், விதிகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த விதிகளில் நடைமுறைக்கு ஒவ்வாதவை நிறைய இருந்தன என்பது என் எண்ணமும்தான். ஆனாலும் புதுச் சரக்கைத் தனியே வைக்க வேண்டும் என்ற எண்ணமும் அவற்றோடு சேர்ந்து காணாமல் போனது நல்லதற்கில்லை. ஆக, கடைசியில் மிஞ்சுகிற ஒரே காவல் மீன் வாங்கிக்கொண்டு போகிறவரின் வீட்டு மூலைதான்.

திருப்பதியிலேயே இன்னோர் உதாரணம் இருக்கிறது. 1987இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா உயிரியல் பூங்கா. எந்த உயிரியல் பூங்காவிலும் புதிதாக வந்த மானை அன்றே மற்ற மான்களோடு விடுவதில்லை. தனிக் கொட்டிலில் வைத்து, சாணத்தைச் சோதித்து, தீவனம் எடுக்கிறதா என்று பார்த்துவிட்டே சேர்ப்பார்கள். மானுக்குச் செய்கிறதை மீனுக்குச் செய்ய நமக்குத் தோன்றாததற்கு விலை ஒரு காரணம். 20 ரூபாய் கப்பிக்கு இவ்வளவு பாடா என்று கேட்பார்கள். அந்தக் கப்பியின் விலையைப் பார்க்காமல், அது போய்ச் சேரப்போகிற தொட்டியின் விலையைப் பார்க்க வேண்டும். வாஸ்துவுக்கு என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஃபிளவர்ஹார்ன், 20 ரூபாய் மீன் கொண்டுவந்த பூச்சியில் போன கதை இந்த ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் காதில் விழும்.

நாள் கணக்குக்கு வருவோம். நான்கு வாரம் என்ற எண் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு நோய்க்கும் ஒரு சுற்று உண்டு. அந்தச் சுற்று ஒன்றுக்கு இரண்டு முறை ஓடி முடிவதற்கு ஆகும் காலத்தைத் தோராயமாகக் கூட்டிச் சொன்ன எண் அது. இதில் எல்லாருக்கும் தெரிந்தது வெள்ளைப்புள்ளி நோய். இக்தியோஃப்தீரியஸ் என்ற ஒருசெல் உயிரி மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புகுந்து தின்று கொழுக்கும். அப்போதுதான் ரவை தூவினாற்போல் புள்ளி தெரியும். கொழுத்ததும் மீனை விட்டு உதிர்ந்து, தரையில் ஒட்டிக் கூடு கட்டி, உள்ளுக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் பிளந்து, நீந்திக்கொண்டு வெளியே வரும். ஒன்றிரண்டு நாளுக்குள் அவற்றுக்கு ஒரு மீன் கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாவு. மருந்து கொல்வதெல்லாம் நீந்தும் பருவத்தை மட்டும். தோலுக்கு அடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. "மருந்து போட்டேன், புள்ளி போச்சு, நாலே நாளில் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது" என்று சொல்கிறவர்கள் பார்த்தது இந்தச் சுற்றைத்தான்.

இந்தச் சுற்றின் வேகத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் சூடு. 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். 15 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். 30ஐத் தாண்டினால் பெரும்பாலும் பெருகுவதே இல்லை. திருப்பதியில் மே மாதம் வெளியே 40ஐத் தாண்டுகிறபோது, ஏசி இல்லாத வீட்டுத் தொட்டியில் தண்ணீர் 31, 32க்கு வந்து நிற்கும். அந்த மாதத்தில் வெள்ளைப்புள்ளியைப் பார்ப்பதே அபூர்வம். அங்கிருந்து பலமனேருக்கு ஏறிப் போனால் கதை வேறு. கடல்மட்டத்தில் இருந்து 700 மீட்டர் அளவு உயரம். மார்கழி, தை இரவுகளில் ஹீட்டர் இல்லாத தொட்டி சில்லிட்டுப் போகும். அங்கே இந்தச் சுற்று மெதுவாக ஓடும், நாள் கணக்கும் நீளும். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே தொட்டியில் இருந்து பிடித்த இரண்டு மீன்களுக்குத் திருப்பதியில் ஒரு கணக்கு, பலமனேரில் ஒரு கணக்கு.

அப்படியானால் வெயில் காலம் நமக்குச் சாதகம்தானே என்று கேட்கலாம். இல்லை. வெள்ளைப்புள்ளியை அடக்குகிற அதே சூடு காலம்னாரிஸ் என்ற பாக்டீரியாவுக்குத் தீனி போடுகிறது. வாயோரத்தில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளை, முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய பட்டை, அரிக்கப்பட்ட வால். பூஞ்சை என்று நினைத்துப் பூஞ்சை மருந்து வாங்கி வருவதற்குள் மீன் செத்துப்போகும். 30 டிகிரித் தண்ணீரில் இந்த நோய்க்கு வாரக் கணக்கு கிடையாது. ஒரு நாள், இரண்டு நாள் கணக்குதான். வெள்ளைப்புள்ளி என்றால் ஹீட்டரைப் போட்டுச் சூட்டை ஏற்று என்று குளிர்நாட்டுக்காரர் சொல்கிற யோசனையை இங்கே கண்ணை மூடிக்கொண்டு செய்தால், ஒரு நோயை விரட்டிவிட்டு இன்னொன்றை அழைத்துக்கொண்டு வந்ததாக முடியும். மே மாதம் வாங்கிய மீனுக்கு முதல் மூன்று நாள்தான் கண்டம். ஜனவரியில் வாங்கியதற்கு இரண்டாவது வாரம்.

கோல்டு ஃபிஷ், கோய் இரண்டும் தனிக் கணக்கு. இவை பெரும்பாலும் திறந்தவெளித் தொட்டியிலோ மண் குளத்திலோ வளர்ந்தவை. நங்கூரப் புழுவும் மீன் பேனும் இவற்றோடுதான் வரும். நங்கூரப் புழு வெளியே தெரியும்போது அது வளர்ந்த பெண் புழு. தலையைச் சதைக்குள் புதைத்துக்கொண்டு, உடம்பைக் குச்சிபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது. கடையில் சுத்தமாகத் தெரிந்த மீனில் இரண்டாவது மூன்றாவது வாரம் திடீரென்று குச்சி முளைப்பது இதனால்தான். மீன் பேன் முட்டையை மீன் மேல் இடாது. கண்ணாடி, குழாய், கல் என்று கெட்டியான எதிலாவது வரிசையாக ஒட்டிவிட்டுப் போகும். மீனைச் சுத்தம் செய்துவிட்டு, அதைத் தனியே வைத்திருக்கும் டப்பை அப்படியே விட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கும்.

செவுளிலும் தோலிலும் ஒட்டும் புழுக்களில் இரண்டு குடும்பம். ஒன்று முட்டையிடும், பிராசிகுவான்டெல் மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால்தான் ஒரு வாரம் பொறுத்து மறுபடி போடச் சொல்கிறார்கள். இன்னொன்று குட்டி போடும். அந்தக் குட்டியின் வயிற்றுக்குள்ளேயே அடுத்த குட்டி தயாராக இருக்கும். இரண்டையும் வெறுங்கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அறிகுறிதான் கதி: ஒரு பக்கச் செவுளை மட்டும் அடித்துக்கொண்டு மூச்சு விடுவது, குழாயில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு பாய்வது.

கப்பி, மோலி வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது வேறோர் இடத்தில். மீன் நீந்தாமல் ஓரிடத்தில் நிற்கும்போது ஆசனவாயைப் பாருங்கள். சிவப்பு நூல் இரண்டு மூன்று வெளியே எட்டிப் பார்க்கும். மீன் அசைந்ததும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கமல்லானஸ் புழு. கடைத் தொட்டியில் 200 கப்பிகள் ஓடிக்கொண்டிருக்கையில் இது யார் கண்ணிலும் படாது. தனி டப்பில், காலையில் விளக்குப் போடுவதற்கு முன்னால், ஐந்து நிமிடம் குந்தி உட்கார்ந்தால் படும். தனிமைத் தொட்டியின் பெரிய லாபம் இதுதான் என்பேன். மருந்துக்கு முன்னால் கண் வேலை செய்ய அது இடம் கொடுக்கிறது. இந்தப் புழுவுக்கு லெவாமிசோல் கேட்கும். சித்தூர் பால் மாட்டுச் சீமை. மாட்டுக்குக் குடற்புழு மருந்து விற்கிற கடை ஊருக்கு ஊர் உண்டு, மருந்து கிடைப்பதில் சிரமம் இல்லை. மாட்டு அளவை மீனுக்கு எப்படிக் குறைப்பது என்பதுதான் சிரமம். கண் மதிப்பில் ஊற்றுகிறவர் புழுவோடு மீனையும் கொன்றுவிடுவார்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், வீட்டுக்குள் ஆண்டு முழுக்க 27, 28 டிகிரிக்குக் குறையாத தண்ணீர் வைத்திருக்கிற திருப்பதிக்காரருக்கு டெட்ரா, மோலி, ஏஞ்சல் போன்றவற்றுக்கு மூன்று வாரம் நியாயமான கணக்கு. கோல்டு ஃபிஷ், கோய் என்றால் வெயில் காலத்திலும் நான்கு வாரத்துக்குக் குறைக்க முடியாது, குளிர்காலத்தில் ஆறு. ஆற்றில் பிடித்துவந்த மீன் என்றாலும் ஆறு வாரம். கடைசியாக நோய் தெரிந்த நாளில் இருந்து கணக்கு மறுபடி ஒன்றில் தொடங்கும். இடையில் "இதுவும் இருக்கட்டும்" என்று இன்னொரு மீனை டப்பில் போட்டாலும் அப்படியே. இந்தக் கடைசி விதியைத்தான் எல்லாரும் மீறுகிறார்கள். கடல் மீன் வளர்ப்பவர்களின் கணக்கு இதற்குள் அடங்காது. கடல் மீனின் வெள்ளைப்புள்ளிக்குக் காரணமான கிரிப்டோகாரியான் கூட்டுக்குள் பத்து வாரம் வரை உறங்கக்கூடியது. திருப்பதியில் கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். அவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும்.

எத்தனை நாள் வைத்தாலும் வெளியே தெரியாத நோய்களும் இருக்கின்றன. இங்கேதான் நான்கு வாரக் கட்சியின் வாதம் ஆட்டம் காண்கிறது. 2016இல் புவனேஸ்வரம் நன்னீர் மீன்வள ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள், மேற்கு வங்கப் பண்ணைகளில் செத்த கோல்டு ஃபிஷ்களில் ஒரு ஹெர்பிஸ் வைரஸைக் கண்டதாக எழுதினார்கள். ஜப்பானில் 1992இல் முதலில் தெரியவந்த வைரஸ் அது. இந்தியாவின் நன்னீர் வண்ணமீன் பண்ணைகளில் வைரஸ் நோய் பரவியதற்கு முதல் சான்று என்று அதைக் குறிப்பிட்டார்கள். அதற்கு ஓராண்டு முன்னால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி ஆய்வாளர்கள், கூட்டமாகச் செத்த கோய் மீன்களில் இருந்து ரானாவைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்து வெளியிட்டிருந்தார்கள். இந்தக் கோல்டு ஃபிஷ் ஹெர்பிஸுக்கு ஒரு குணம் உண்டு. அது கொல்வது தண்ணீர் 15இல் இருந்து 25 டிகிரி வரை இருக்கும்போது. அதற்கு மேல் போனால் அடங்கிவிடும். ஆனால் மீனை விட்டுப் போய்விடாது.

இதை நம் ஊரில் வைத்துப் பார்க்க வேண்டும். மே மாதம் கோல்டு ஃபிஷ் வாங்கி, 32 டிகிரித் தண்ணீரில் நான்கு வாரம் ஒழுங்காகத் தனியே வைத்து, ஒரு குறையும் இல்லை என்று கூடத்துத் தொட்டிக்கு மாற்றுகிறார் ஒருவர். டிசம்பரில் தண்ணீர் 23க்கு இறங்குகிறது. ஒரு வாரத்தில் தொட்டி காலி. தண்ணீர் மாற்றியதைக் காரணம் சொல்வார், தீனியைச் சொல்வார், கண் திருஷ்டியையும் சொல்வார். ஏழு மாதத்துக்கு முன் வாங்கிய மீனைச் சந்தேகப்பட மாட்டார். கோல்டு ஃபிஷ் வாங்க நம் பக்கத்தில் உகந்த காலம் கார்த்திகை, மார்கழி என்று நான் சொல்வது இதனால்தான். அப்போது தனிமைத் தொட்டி தானாகவே அந்த வைரஸ் வெளிப்படுகிற சூட்டில் இருக்கும். மீன் செத்தாலும் டப்புக்குள்ளேயே சாகும்.

இன்னொரு வழி சிலருக்குக் கொடூரமாகப் படலாம். கடைசி இரண்டு வாரத்துக்குப் பழைய தொட்டியில் இருந்து ஒரு மீனை எடுத்துப் புது மீன்களோடு விடுவது. புது மீன் தான் சுமக்கும் கிருமிக்குப் பழகிப்போய் நன்றாகத் திரியும். பழகாத பழைய மீன் படுத்துவிடும். கோய் வளர்ப்போர் உலகெங்கும் செய்கிற சோதனை இது. எதிர்த்திசையிலும் இது பேசும்: சில சமயம் நம் பழைய தொட்டியில்தான் கிருமி இருக்கும், புது மீன்தான் விழும். ஒரு மீனைப் பணயம் வைக்க மனம் வராதவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதைச் செய்யாமல் நேரே கலக்கிறவர், தொட்டியில் உள்ள அத்தனை மீனையும் பணயம் வைக்கிறார்.

நாடுகளே இந்தத் தொல்லையைப் பட்டிருக்கின்றன. ஆஸ்திரேலியா தீவு, இறக்குமதி மீனை நாள் கணக்கில் தனிமையில் வைப்பதில் பெயர்பெற்றது. இருந்தும் 2003இல் விக்டோரியா மாநிலத்துப் பண்ணை ஒன்றில் முர்ரே காட் என்ற அந்த நாட்டு மீனின் குஞ்சுகள் செத்தன. காரணமான வைரஸை ஆராய்ந்தபோது, ஆசியாவில் இருந்து வந்த குள்ள கௌராமிகள் சுமக்கும் வைரஸோடு அது ஒத்துப்போனது. வெளியில் நோய் காட்டாத மீனை நாள் கணக்கு மட்டும் பிடித்துக்கொடுக்காது என்று கண்டு, பிற்பாடு ஆய்வகச் சோதனையையும் சேர்த்தார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. திருப்பதியில் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, நெல்லூருக்குப் பக்கத்தில் முத்துக்கூரில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. வீட்டுத் தொட்டி மீனைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறவர் எத்தனை பேர்? மீன் கடைக்காரர்தான் நமக்கு வைத்தியர்.

அந்த வைத்தியத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். வந்த நாளே மெத்திலீன் ப்ளூ, மறுநாள் உப்பு, அதற்கடுத்த நாள் மனிதர் சாப்பிடும் டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பிரித்துக் கொட்டு என்கிற மருந்துக் கட்சிக்கு இங்கே ஆதரவு அதிகம். புழுவுக்கு முன்கூட்டியே மருந்து போடுவதில் எனக்கு மறுப்பு இல்லை. செவுள் புழு கண்ணுக்குத் தெரியாது, பிராசிகுவான்டெல் மீனைப் பெரிதாக வருத்தாது. கல்லுப்பும் நல்லதுதான்: பத்து லிட்டருக்கு 20, 30 கிராம், கரைத்து, இரண்டு தவணையாக. கோரிடோராஸ் போன்ற செதில் இல்லாத மீன்களுக்குப் பாதிக்கும் கீழே. நோயே இல்லாத மீனுக்கு ஆன்டிபயாடிக் போடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. அரைகுறை அளவில், இரண்டே நாள் போட்டு நிறுத்துவது பாக்டீரியாவுக்குப் பயிற்சி கொடுப்பது. முன்னே சொன்ன மேற்கு வங்கக் கோல்டு ஃபிஷ்களில் வைரஸோடு கூடவே, பல மருந்துக்கும் அடங்காத ஏரோமோனாஸ் பாக்டீரியாவும் இருந்தது. இங்கிலாந்தில் 2009இல் வெளியான ஓர் ஆய்வு வண்ணமீன்கள் வந்த பைத் தண்ணீரிலேயே அப்படிப்பட்ட பாக்டீரியாக்களைக் கண்டது. பைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள் என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

பையைத் திறக்கும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மூடிய பைக்குள் மீன் விட்ட கரியமில வாயு சேர்ந்து தண்ணீரைப் புளிப்பாக்கும். அதனால் மீன் கழித்த அம்மோனியா அதிகத் தீங்கில்லாத வடிவத்தில் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அம்மோனியா விஷமாகும். திறந்த பையில் மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து "பழக்குவது" நீண்ட பயணம் வந்த மீனை அந்த விஷத்திலேயே ஊறவைப்பதாகும். மூடிய பையைச் சூடு சமமாகும் வரை மிதக்க விட்டு, திறந்து, வலையில் மீனை மட்டும் எடுத்து டப்பில் விடுவதுதான் சரி. நம் போர்வெல் தண்ணீர் கடினத் தண்ணீர், பிஎச் எட்டைத் தொடும். 30 டிகிரியில் பிஎச் ஏழு என்றால் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. எட்டு என்றால் ஏழெட்டுப் பங்கு இருக்கும். குளிர்நாட்டுப் புத்தகம் தாங்கும் என்று சொல்கிற அளவு இங்கே தாங்காது. கல்யாணி அணைத் தண்ணீரோ தெலுங்கு கங்கைத் தண்ணீரோ குழாயில் வருகிற திருப்பதி வீடுகளில் குளோரினை முறிக்க ஹைப்போவும் போட வேண்டும்.

தனிமைத் தொட்டியில் செத்த மீன்களில் பாதி நோயால் சாகவில்லை, டப்பால் செத்தன என்று ஒரு பேச்சு உண்டு. எண்ணிக்கைக்கு நான் பொறுப்பில்லை, விஷயம் உண்மை. நேற்று வாங்கிய டப், பழகாத ஃபில்டர், நாலு லிட்டர் தண்ணீரில் பத்து மீன். இதற்குப் பெயர் தண்டனை. 40, 50 லிட்டர் பிளாஸ்டிக் டப் வேண்டும். மீன் பெட்டி வருகிற தெர்மாகோல் பெட்டி கடையில் கிடைத்தால் அதுவும் போதும், இரவுக் குளிரையும் பகல் சூட்டையும் அது நன்றாகத் தாங்கும். ஒரு ஸ்பான்ஞ் ஃபில்டரை மூன்று நான்கு வாரம் முன்னதாகவே பெரிய தொட்டியில் போட்டுப் பழக்கியிருக்க வேண்டும். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டு இரண்டு. மணல், கல் வேண்டாம். டப்புக்கென்று தனி வலை, தனிக் குவளை. தினமும் முதலில் பெரிய தொட்டி வேலை, பிறகு டப். இந்த வரிசையை மாற்றக்கூடாது. மெத்திலீன் ப்ளூ போட்டால் ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும் என்பதால், அந்த நாட்களில் ஃபில்டரை வெளியே எடுத்துவிட்டுத் தண்ணீரைத் தினம் மாற்ற வேண்டும். கையில் காயம் இருந்தால் டப்பில் கை விடக்கூடாது. மீனுக்கு மாதக்கணக்கில் மெலிவையும் கூனல் முதுகையும் கொடுக்கிற மைக்கோபாக்டீரியம், மனிதத் தோலிலும் ஆறாத புண்ணாக வரும்.

வீட்டில் ஒரே ஒரு தொட்டிதான், டப்புக்கு இடமில்லை, கரண்டும் அடிக்கடி போகிறது என்பவர்களுக்கு என்ன வழி? அந்தத் தொட்டியையே தனிமைத் தொட்டியாக்கிவிடலாம். வேண்டிய மீன் அத்தனையையும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே சரக்கில் வாங்கி விட்டுவிட்டு, பிறகு புதிதாக ஒன்றும் சேர்க்காமல் இருப்பது. கோழிப் பண்ணைக்காரர்கள் ஒரே நாளில் ஏற்றி ஒரே நாளில் இறக்குவது இதே கணக்கில்தான். ஃபில்டர் முன்பே பழகியிருந்தால் மட்டும் இது செல்லும். சந்தையில் ஒரு ஞாயிறு இரண்டு டெட்ரா, அடுத்த ஞாயிறு ஒரு டேங்க் கிளீனர் மீன் என்று சேர்க்கிறவர்களுக்கு இந்த வழி இல்லை. செடியும் நத்தையும்கூட இந்தக் கணக்கில் சேர்த்திதான். மீன் இருந்த தண்ணீரில் இருந்து வந்த செடி, வெள்ளைப்புள்ளியின் கூட்டைச் சுமந்துகொண்டு வரும்.

நாள் முடிந்து மீன் பெரிய தொட்டிக்குப் போன பிறகு டப்பில் ஒரு வேலை மிச்சம் இருக்கும். அந்தத் தண்ணீரை ஏரிக்கோ கோயில் குளத்துக்கோ கால்வாய்க்கோ கொண்டுபோகக் கூடாது. வீட்டு மண்ணில் ஊற்றிவிடலாம், உப்பு போட்டிருந்தால் செடி இல்லாத இடத்தில். தேறாத மீனை, அலுத்துப்போன மீனை "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று நீர்நிலையில் விடுவதும் கூடாது. சென்னை ஏரிகளிலும் ஆந்திரத்து நீர்நிலைகளிலும் இன்று வலையைக் கிழிக்கிற டேங்க் கிளீனர்கள் அப்படி விட்ட புண்ணியத்தில் வந்தவைதாம். 1988 வாக்கில் இலங்கையிலும் இந்தியாவிலும் விராலைப் புண்ணாக்கிய நோய் நாடு விட்டு நாடு தாண்டியதில் மீன் போக்குவரத்துக்கும் பங்கு இருந்தது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். டப்பையும் குழாய்த் துண்டுகளையும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் கழுவி, மொட்டை மாடியில் கவிழ்க்காமல் மல்லாத்தி வைத்து நன்றாகக் காயவிட வேண்டும். மீன் பேனின் முட்டை ஈரத்தில் வாரக்கணக்கில் தாங்கும்; திருப்பதி மே மாத வெயிலில் இரண்டு நாள் தாங்காது. ஸ்பான்ஞை மட்டும் நம்ப வேண்டாம். நோய் வந்த டப்பில் ஓடியது என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை இப்போதே பெரிய தொட்டியில் பழகப் போடுங்கள். அடுத்த சரக்கு வருவதற்குள் அது தயாராகிவிடும்.